சாரிடம் ஒரு வார்த்தை

ஆகஸ்ட் 4

ஹோட்டலில் ஒரு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். தினமும் கற்றுக்கொண்டதை அதில் இங்கிலீஷில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை ஜி.எம்., அதாவது ஜெனரல் மேனேஜர், பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அதில் எழுத முடியாததை எழுத இந்த நோட்டு. மகள் ஜெனியின் போன வருடத்து அறிவியல் நோட்டு. பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

விஷயம் இதுதான். எங்கள் வில்லா செம்பருத்தியில் இருபத்திரண்டு அறைகள், ஒரு ரெஸ்டாரண்ட், பின்னால் தோட்டத்தில் பார். பாரில் நான் ஒன்பது வருடமாக இருக்கிறேன், கடைசி ஐந்து வருடம் கேப்டன், பரிமாறுகிறவர்களுக்குத் தலைவன். இந்த வருடம் வெளியிலிருந்து ஆள் எடுக்காமல் உள்ளிருந்தே இரண்டு பேரை மேனேஜர் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் எல்லாப் பிரிவிலும் வேலை. அக்டோபர் கடைசியில் தேர்வு. அதன்பின் ஒருவருக்கு உதவி மேனேஜர் பதவி.

ஒருவன் நான். இன்னொருவர் ரெஸ்டாரண்டிலிருந்து பெலிக்ஸ். என் தங்கை அமலியின் வீட்டுக்காரர். இரண்டரை வருடத்துக்கு முன்னால் நான்தான் அவரை இங்கே சேர்த்துவிட்டேன்.

“யாருக்குக் கெடச்சாலும் நம்ம வீட்டுக்குள்ளதானே” என்கிறாள் அம்மா. உண்மைதான்.

இந்த வாரம் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவு. பதினோரு கட்டில். விரிப்பின் மூலையை உறை மாதிரி மடிப்பதற்குள் இடுப்பு போய்விட்டது. பெலிக்ஸ் பாட்டுப் பாடிக்கொண்டே பதினாலு போட்டார்.

ஆகஸ்ட் 9

விருந்தினர்கள் போகும்போது எழுதிவிட்டுப் போகும் அட்டைகளைப் பிரித்து அடுக்கும் வேலை. முப்பத்தொரு அட்டை. ஒன்பதில் பெலிக்ஸின் பெயர் இருந்தது. ஒரு பிரெஞ்சுக்கார அம்மா அவர் பெயருக்குப் பக்கத்தில் பூ வரைந்திருந்தார். என் பெயர் இல்லை. ‘பார் சேவை நன்று’ என்று இரண்டில் இருந்தது. அது நான்தான்.

ஆகஸ்ட் 15

காலையில் மாதா கோயில் பூசை. சுதந்திர தினம் என்பதால் பாரும் மூடல். மத்தியானம் அம்மா வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம்.

வஞ்சிர மீன் குழம்பு. தலைத்துண்டு எப்போதும் எனக்குத்தான் வரும். அம்மா அதை மாப்பிள்ளை தட்டில் வைத்தாள். “மூணு வருஷம் ஆயிடுச்சுல்ல” என்றாள். பெலிக்ஸ் குடியை விட்டு இன்றோடு மூன்று வருடம். அதற்கு முந்தைய இரண்டு வருடம் அமலி பட்டது எனக்குத் தெரியும். பிராந்தி வாடையோடு அவரைத் தோளில் தூக்கி வந்து படியில் விட்டவன் நான். ஒருநாள் அவர் மாதா கோயிலில் முட்டி போட்டுச் சத்தியம் செய்தார், அதோடு சரி. நல்ல விஷயம். மீன் தலை போகட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் ஜெனி என் மடியில் உட்கார்ந்து கன்னத்தை இரண்டு பக்கமும் இழுத்தாள். “அப்பா, நீயும் பெலிக்ஸ் மாமா மாதிரி சிரிச்சுக் காட்டு.” எல்லோரும் சிரித்தார்கள். பெலிக்ஸ்தான், “உங்கப்பா சிரிச்சா பாரே காலியாயிடும், எல்லாரும் வெளிய வந்து பாப்பாங்க” என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

ஆகஸ்ட் 23

பீர் குழாய்களைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். இரண்டு மணி நேரம். யாரும் பார்க்கவில்லை.

செப்டம்பர் 2

பெலிக்ஸுக்கு பாரில் இரண்டு வாரம். என் இடம். இங்கே எந்த பாட்டில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

மத்தியானம் சென்னையிலிருந்து வந்த ஒருவர் விஸ்கியில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சத்தம் போட்டார். நான் அளவுக் குப்பியைக் காட்டி, சீல் உடைத்த பாட்டிலைக் காட்டி, ஐஸ் உருகியிருக்கும் என்று விளக்கினேன். சரியாகத்தான் விளக்கினேன். அவர் இன்னும் கத்தினார். பெலிக்ஸ் நடுவில் வந்து, “சார், வெயில்ல வந்திருக்கீங்க, அந்த மாமரத்தடி மேசைக்கு வாங்க, ஃபேன் நல்லா வரும், வேற கொண்டாரேன்” என்றார். அவ்வளவுதான். ஆள் அடங்கிவிட்டார். போகும்போது பெலிக்ஸோடு போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஜி.எம். நந்தகோபால் சார் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். “சவரி, பாத்தியா? உன் பேச்சு சரி. ஆனா அந்தாளுக்கு வேண்டியது பதில் இல்ல, மரியாதை” என்றார். மரியாதையாகத்தான் பேசினேன்.

செப்டம்பர் 9

வண்டி நிறுத்தும் இடத்தில் பெலிக்ஸ் எனக்காகக் காத்திருந்தார்.

“மச்சான், ஒரு விஷயம். பதினாலாந்தேதி டேஸ்டிங் கிளாஸ் இருக்குல்ல?”

“ஆமா. சரக்க ருசி பாத்துச் சொல்லக் கத்துக்குடுக்க பெங்களூர்லேர்ந்து மிருதுளா மேடம் வராங்க.”

“நான் வாயில வைக்க மாட்டேன் மச்சான். ஊத்துறேன், எடுத்துக் குடுக்குறேன், அதெல்லாம் ஒண்ணும் ஆகல. நாக்குல பட்டுச்சுன்னா என்னை எனக்கே தெரியாது.”

“துப்பிடலாம் மாப்ள. எல்லாரும் துப்பத்தான் போறாங்க.”

“முடியாது. நீங்க ஜி.எம்.கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நானே போய் நின்னா, குடிகாரன்னு பேரு ஏறிடும். ஒன்பது வருஷமா பாக்குறாரு உங்கள, நீங்க பக்குவமா சொன்னா கேப்பாரு.”

சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

செப்டம்பர் 11

ஜி.எம். அறைக்குப் போனேன். போனில் இருந்தார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

இன்று சமையலறைப் பிரிவு. ஐம்பது எலுமிச்சை, ஒரு கூடை வெங்காயம்.

செப்டம்பர் 12

ஜி.எம். தானாகவே கூப்பிட்டார். புது ஒயின் கிளாஸ் எந்தக் கம்பெனியில் வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார். என்னிடம்தான் கேட்டார். இருபது நிமிடம் பேசினோம். டேஸ்டிங் வகுப்புக்கும் மதிப்பெண் உண்டு, தேர்வோடு சேரும் என்று சொன்னார். பெலிக்ஸ் விஷயம் பேச்சில் வரவில்லை.

செப்டம்பர் 13

பெலிக்ஸ் என்ன ஆயிற்று என்று கேட்டார். பதில் சொன்னேன்.

ஐஸ் மெஷின் பழுது. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவானாம்.

செப்டம்பர் 14

எங்கள் இரண்டு பேரோடு இன்னும் நாலு பேர், வேறு ஊர்க் கிளைகளிலிருந்து வந்தவர்கள். ஆளுக்கு ஐந்து கிளாஸ், துப்புவதற்கு ஒரு எவர்சில்வர் டம்ளர். ஜி.எம். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பெலிக்ஸ் ஒருமுறை அவரைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

முதல் மூன்றும் ஒயின். ஒன்பது வருடம் எடுத்துக் கொடுத்தவன் நான். இரண்டில் திராட்சையின் பெயரைச் சரியாகச் சொன்னேன். பெலிக்ஸுக்குப் பெயரே தெரியவில்லை. ஆனால் மிருதுளா மேடம் கேட்டபோது, “இது மழை பேஞ்சு முடிஞ்ச மண்ணு மாதிரி இருக்கு மேடம், கூடவே பழுக்காத நாவல்பழம்” என்றார். மேடம் எழுந்துவிட்டார். “இந்த மூக்கை எங்க வச்சிருந்தீங்க இத்தனை நாளா?” என்று கேட்டு, ஜி.எம். பக்கம் திரும்பிச் சிரித்தார். ஜி.எம்.மும் சிரித்தார்.

நான்காவது பிராந்தி.

எல்லோரும் துப்பினோம். பெலிக்ஸ் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனார். தொண்டை ஏறி இறங்கியது. டம்ளரைத் திரும்ப வைத்தார். நான் பக்கத்தில் இருந்ததால் தெரிந்தது. ஒரு வாய்தான். ஒரு வாயில் என்ன ஆகிவிடப்போகிறது.

மதிப்பெண்: எனக்கு அறுபத்தெட்டு. அவருக்கு எண்பத்தொன்று.

செப்டம்பர் 15

மனைவி ஸ்டெல்லா கேட்டாள், “ஏன் சாப்பாட்டைப் பெசஞ்சுக்கினே இருக்க? அங்க எதுனா பிரச்சினையா?” ஒன்றுமில்லை என்றேன். “பெலிக்ஸ் எண்பதுக்கு மேல வாங்கிட்டாராமே, அமலி சொன்னா” என்றாள். தட்டை எடுத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

செப்டம்பர் 26

பெலிக்ஸ் இப்போதெல்லாம் ஏலக்காய் மெல்கிறார். சட்டைப் பையில் பொட்டலமாக வைத்திருக்கிறார். விருந்தினர்களுக்கும் கொடுக்கிறார், அவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

அக்டோபர் 2

காந்தி ஜெயந்தி. பார் மூடல். பாட்டில்களை இறக்கித் துடைத்து அடுக்கினோம். பெலிக்ஸ் கையிலிருந்து ஒரு ஜின் பாட்டில் விழுந்து உடைந்தது. “கை வழுக்கிடுச்சு மச்சான்” என்றார். கை வழுக்கவில்லை, நடுங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

ஊரில் மதுக்கடையெல்லாம் இன்று மூடல்.

“உடம்பு சரியில்லையா மாப்ள?”

“தூக்கமில்ல. பரீட்சை பயம்.”

ஓய்வெடுங்கள் என்றேன். கண்ணாடித் துண்டுகளை நானே பெருக்கி அள்ளினேன். பரீட்சைக்கு இன்னும் இருபத்தொன்பது நாள்.

அக்டோபர் 11

அமலி போன் செய்தாள். “அண்ணா, அவரு ஏன் இவ்ளோ லேட்டா வராரு? அங்க வேல ஜாஸ்தியா?”

“பயிற்சிதானே. ஜாஸ்திதான்.”

“வேற ஒண்ணுமில்லல்ல?”

“எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்ல.”

“நீங்க பக்கத்துல இருக்கீங்கன்ற தைரியந்தாண்ணா” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 18

பிரெஞ்சு சுற்றுலாக் குழு, நாற்பது பேர், மத்தியானச் சாப்பாடு. இன்றைக்கு ஒருநாள் முழுப்பொறுப்பும் பெலிக்ஸுக்கு. எனக்கு அப்படி ஒரு நாள் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் கொடுப்பார்களாம், பதினைந்து பேர் வரும் ஒரு பிறந்தநாள்.

பன்னிரண்டரைக்கு சூப் போய்க்கொண்டிருந்தது. சோடா எடுக்க பின்னால் பார் ஸ்டோருக்குப் போனேன். பெலிக்ஸ் பீர் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். முதுகு என் பக்கம். கையில் எவர்சில்வர் டம்ளர், காலடியில் பிராந்தி. குடித்துவிட்டு டம்ளரை நெற்றியில் வைத்துக்கொண்டார். அழுகிறாரோ என்று நினைத்தேன். நான் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

ரிசப்ஷனில் ஜி.எம். நின்றிருந்தார். சமையலுக்கு எடுத்து வைக்கும் ஒயின் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, ஸ்டோருக்கு வந்து ஒருதரம் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். அந்த ஒயின் விஷயம் ஒரு வாரமாகவே அவரிடம் சொல்ல வேண்டும் என்று இருந்ததுதான்.

கதவை அவர்தான் திறந்தார்.

நாற்பது பேருக்கும் மீதிச் சாப்பாட்டை நான் நின்று பரிமாறி முடித்தேன். ஒரு குறையும் இல்லை. மூன்று மணிக்கு ஜி.எம். அறையில் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். பெலிக்ஸ் முகம் கழுவியிருந்தார், தலை ஈரமாக இருந்தது.

“எப்பலேர்ந்து?” என்றார் ஜி.எம்.

“அந்த டேஸ்டிங் கிளாஸ்லேர்ந்து சார். அதுக்கு முன்னாடி மூணு வருஷம் தொடல.”

ஜி.எம். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “அட, என்னய்யா இது! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ அந்த கிளாஸ்ல உக்கார வேணாம்னு சொல்லியிருப்பேனே. என் தம்பி ஒருத்தன் இதுலதான் போனான். யாருமே சொல்லலயே?”

பெலிக்ஸ் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். யாரென்று தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தபடி சொன்னார்.

“நாந்தான் சார் சொல்லல.”



அக்டோபர் 19

நேற்று எழுதியதில், கதவைச் சாத்திய வரியை மட்டும் அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை.

பெலிக்ஸைப் பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லை. மூன்று மாதம் விடுப்பு, சிகிச்சை எடுத்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று ஜி.எம். சொல்லியிருக்கிறார். விழுப்புரம் ரோட்டில் ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருக்கிறார்கள். சேர்க்கப் போனவர்கள் அமலியும் அம்மாவும். எனக்கு டியூட்டி.

அக்டோபர் 24

அமலி வீட்டுக்கு வந்தாள். கண் உள்ளே போயிருந்தது. ஸ்டெல்லா கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தாள்.

“அண்ணா, ஒங்களுக்கு ஒரு தேங்க்ஸ் கூட நான் சொல்லல.”

“எதுக்கு?”

“அவருக்காக ஜி.எம்.கிட்ட போய்க் கேட்டீங்களாமே. அவரு அன்னிக்கே வீட்ல வந்து சொன்னாரு. ‘மச்சான் எவ்ளவோ கேட்டுப் பாத்தாராம், அந்தாளு ஒத்துக்கல, டேஸ்ட் பண்ணாதவன் மேனேஜராக முடியாதுன்னுட்டாராம்’னு. அந்த மனுசன் கீழ எப்படிண்ணா வேலை பாக்குறீங்க? நானா இருந்தா மூஞ்சில துப்பிட்டு வந்திருப்பேன்.”

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். இதைப் பற்றி நான் அவளிடம் ஒன்றும் சொன்னதில்லை.

“காப்பி ஆறுது, குடி” என்றேன்.

ஆக, ஜி.எம். அறையில் எல்லாம் தெரிந்தபிறகும் பெலிக்ஸ் அமலியிடம் சொல்லவில்லை.

அமலி போனபின் இந்த நோட்டில் செப்டம்பர் பதின்மூன்றைப் புரட்டிப் பார்த்தேன். ‘பதில் சொன்னேன்’ என்று இருக்கிறது. பதில் இதுதான்: “சொல்லிட்டேன் மாப்ள. ஒத்துக்க மாட்டேன்னுட்டாரு.” அப்போது பெலிக்ஸ், “பரவால்ல மச்சான், நீங்க இவ்ளோ பண்ணதே பெருசு” என்று சொன்னார். அதையும் எழுதியிருக்க வேண்டும்.

அக்டோபர் 31

தேர்வு. வேறு யாரும் எழுதவில்லை. பெரிய ஹாலில் நான் ஒருவன். மேற்பார்வைக்கு வந்தவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ‘பணியாளர் ஒருவர் தன் உடல்நலக் குறையை உங்களிடம் நம்பிச் சொல்கிறார். மேற்பார்வையாளராக என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு கேள்வி. பத்து மதிப்பெண். ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

நவம்பர் 6

கடிதம் வந்துவிட்டது. பதினைந்தாம் தேதியிலிருந்து உதவி மேனேஜர். ஸ்டெல்லா கேசரி செய்தாள். ஆனால் எதிரில் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

நவம்பர் 9

மறுவாழ்வு மையத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்க விடுகிறார்கள். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெலிக்ஸ் இளைத்திருந்தார். சுற்றி நாலைந்து பேர்; அவர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும்.

என்னைக் கண்டதும் மற்றவர்கள் விலகினார்கள். அவர் உட்காரச் சொன்னார்.

“வாழ்த்துகள் மச்சான். காலைல அம்மா வந்து சொன்னாங்க.”

“மாப்ள, அமலிகிட்ட ஏன் சொல்லல?”

அவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். “என்னன்னு சொல்றது? நான் வீட்டுல இல்ல. பணத்துக்கும், ஆஸ்பத்திரிக்கும், பசங்களுக்கு ஒண்ணுன்னாலும் அவ ஓடுறது ஒங்ககிட்ட. அதையும் இப்ப புடுங்கிட்டா அவ எங்க போவா?”

“நான் வேணும்னு பண்ணல...”

“பண்ணீங்க மச்சான்.” சத்தம் போடாமல்தான் சொன்னார். “ஆனா கிளாஸ எடுத்தது என் கை. அன்னிக்கு எழுந்து நின்னு, எனக்கு ஆவாதுன்னு நானே சொல்லியிருக்கலாம். பேரு கெட்டுடும்னு பயந்தேன். இங்க தெனமும் அதத்தான் பேசச் சொல்றாங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஸ்டோருக்கு சாரக் கூட்டியாந்ததும் நீங்கதானா?”

ஆமாம் என்று சொல்ல எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. சொன்னேன்.

அவர் எழுந்து நாற்காலியைச் சுவரோரம் போட்டார். “அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்றதும் சொல்லாததும் ஒங்க பாடு. எனக்காக ஒண்ணும் சொல்ல வேணாம்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனம் அவருக்காக வருந்தவில்லை. அடைத்துக் கிடக்கிற இடத்திலும் இந்த ஆள் என்னைவிட நிமிர்ந்து நிற்கிறாரே என்றுதான் எரிந்தது. இதை எழுதும்போது என் கையெழுத்தே எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 10

அமலியிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போயிருந்தார்கள். அவள் அடுப்பில் வாழைக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். ஜி.எம்.மிடம் கேட்கவே இல்லை என்றேன். பொய் சொன்னேன் என்றேன். நான்காவது கிளாஸை அவர் விழுங்கியதைப் பார்த்தேன், ஏலக்காயைப் பார்த்தேன், நீ போன் செய்த அன்றைக்கும் எனக்குத் தெரியும் என்றேன். ஸ்டோர் கதவைப் பற்றியும் சொன்னேன்.

அவள் அடுப்பை அணைத்தாள். எண்ணெய் அடங்கும்வரை வாணலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அவரு குடிச்ச காலத்துல, ராத்திரில ஒங்க வீட்டுக் கதவத்தான் தட்டுவேன். ஒருநாளும் ஏன்னு கேட்டதில்ல நீங்க. செருப்பக்கூட போடாம ஓடியாருவீங்க.” கரண்டியைக் கீழே வைத்தாள். “அவரு விழுந்தா தூக்குவீங்க. அவரு எழுந்து நின்னதுதாண்ணா ஒங்களால தாங்க முடியல.”

“அமலி...”

“அம்மாகிட்ட சொல்ல மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது. நீங்க போங்க.”

நவம்பர் 15

முதல் நாள். சட்டையில் பெயர் பட்டை. காலை மீட்டிங் நானே எடுத்தேன். ஏழாம் நம்பர் அறையில் கீசர் பழுது.

மாலையில் ஜி.எம்.மிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “பதவியைப் பறிச்சா நீ தண்டனை வாங்கிட்டேன்னு நிம்மதியாத் தூங்குவ. அதெல்லாம் வேணாம். பெலிக்ஸ் ஜனவரில வருவான். அடுத்த பயிற்சிக்கு நான் அவனைத்தான் அனுப்பப் போறேன். அதுக்குக் கடிதம் நீ எழுது” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதினேன். அவருடைய நல்ல குணங்களை எழுதும்போதெல்லாம் பேனா நின்றது.

டிசம்பர் 3

மத்தியானம் அமலி ஹோட்டலுக்கு வந்தாள். ரிசப்ஷனில் ஆட்கள் இருந்தார்கள். நேராக என்னிடம் வந்து நின்றாள்.

“சார், பெலிக்ஸோட லாக்கர்ல இருக்குற துணிமணி எடுத்துக்கணும். யார்கிட்ட கேக்கணும்?”

யாரைச் சொல்கிறாள் என்று ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

நானே கூட்டிப்போய்த் திறந்துகொடுத்தேன். இரண்டு சட்டை, ஷூ, பிரெஞ்சு வார்த்தைகள் எழுதிய ஒரு சின்னப் புத்தகம். அட்டைப்பெட்டியில் அடுக்கினாள். பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். போட்டாள். “பசங்க எப்படி இருக்காங்க?” என்று கேட்டேன்.

“நல்லா இருக்காங்க சார்.”

பெட்டியை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். வெளியே வெயிலில் பெலிக்ஸ் ஸ்கூட்டியோடு நின்றிருந்தார். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. காவலாளி அவர் தோளில் தட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அமலி ஏதோ சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, பெட்டியை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டார். அவள் பின்னால் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் கடற்கரைப் பக்கம் போனார்கள்.

எனக்குப் பொறாமையாக இருந்தது.